கஸ்ட்ருப்பிலிருந்து கட்டுநாயக்கா வரை: தூரமும் நேரமும்



"எங்கள் ஊர் எவ்வளவு தூரம், சேர்?" என்று வகுப்பில் ஒரு பிள்ளை வினவினாள். "பதின்மூன்று மணித்தியாலம்" என்றான் இன்னொருவன். தூரத்தைக் கேட்டால் நேரத்தைக் கூறுவது நம்மவர் வழக்கம். ஆயினும் இரண்டும் வெவ்வேறானவை. அவற்றைத் தனித்தனியே நோக்குவோம்.

தூரம்

கோப்பன்ஹேகனின் கஸ்ட்ருப் விமான நிலையத்துக்கும் கொழும்பை அடுத்த கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் இடையேயுள்ள மிகக் குறுகிய வான்வழித் தூரம் ஏறத்தாழ 7,900 கிலோமீற்றர் ஆகும். இதனைச் சுவர்ப்படத்தில் அளத்தல் பொருந்தாது. பூமி உருண்டையானது, படமோ தட்டையானது. பூகோள உருண்டையில் இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். சுவர்ப்படத்தில் வரைந்த நேர்கோடு காஸ்பியன் கடலுக்குத் தெற்கே செல்லும்; நூலோ அக்கடலின் மேலாகவே செல்லும். நூல் காட்டுவதே குறுகிய வழி. இது பெருவட்டப் பாதை எனப்படும்.

இவ்வுண்மையைப் பயன்படுத்திய வரலாறு நாம் வாழும் நகருக்கும் உண்டு. 1954 நவம்பர் 15 இல் எஸ்.ஏ.எஸ். நிறுவனம் கோப்பன்ஹேகனிலிருந்து கிறீன்லாந்து, வினிபெக் வழியாக லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குச் சேவை தொடங்கியது. படத்தில் தென்மேற்கே தெரியும் நகருக்கு விமானம் வடமேற்கே புறப்பட்டது! 1957 பெப்ரவரி 24 இல் வடதுருவப் பாதையில் அங்கரேஜ் ஊடாக டோக்கியோவுக்கும் சேவை தொடங்கிற்று.

நேரம்

மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் 7,900 கிலோமீற்றரைக் கடக்க ஒன்பது மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகவே வேண்டும். டோஹாவில் இறங்கி மாறிச் சென்றால் தூரம் ஏறத்தாழ 8,200 கிலோமீற்றர். கூடுவது 300 கிலோமீற்றரே. ஆனால் இறங்குதல், காத்திருத்தல், மீண்டும் ஏறுதல் ஆகியவற்றால் பயணம் பதின்மூன்று மணித்தியாலமாகிறது.

கடிகாரம்

பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் செல்லும். இரு நிலையங்களுக்கும் இடையே நெடுங்கோட்டில் ஏறத்தாழ 67 பாகை வேறுபாடு உண்டு. 67 × 4 = 268 நிமிடம்; அதாவது ஏறக்குறைய நாலரை மணித்தியாலம். குளிர்காலத்தில் இலங்கைக் கடிகாரம் நம்முடையதிலும் நாலரை மணித்தியாலம் முந்தியிருக்கும். கோடையில் டென்மார்க் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்துவதால் வேறுபாடு மூன்றரையாகும்.

குளிர்காலத்தில் பிற்பகல் 3.00 மணிக்குப் புறப்பட்டு, மறுநாள் காலை 8.30 க்குக் கட்டுநாயக்காவில் இறங்குகிறீர்கள். கடிகாரக் கணக்கு 17½ மணித்தியாலம். அதில் 4½ ஐக் கழித்தால் உண்மைப் பயணம் 13 மணித்தியாலம்.

பயிற்சி

1. குளிர்காலத்தில் கட்டுநாயக்காவில் காலை 10.00 க்குப் புறப்பட்டு, அன்று மாலை 6.30 க்குக் கஸ்ட்ருப்பில் இறங்கினால் பயண நேரம் எவ்வளவு? (இங்கு கூட்ட வேண்டும்.)

2. குளிர்காலத்தில் இரவு 8.00 மணிக்கு ஊரிலுள்ள அம்மம்மாவைத் தொலைபேசியில் அழைத்தால், அங்கு என்ன நேரம்? அவரின் நித்திரையைக் குழப்பாமல் பேச உகந்த நேரம் எது?

3. உங்கள் பெற்றோர் டென்மார்க்குக்கு வந்த வழியைக் கேட்டறிந்து, பூகோள உருண்டையில் நூலால் அளந்து எழுதுக.

மூன்றாவது வினாவுக்குப் பெற்றோர் உதவ வேண்டும். இதே தூரத்தைக் கடக்க எம்மிற் சிலருக்கு மாதங்கள் சென்றன. நூலும் நேராக நில்லாது. அக்கணக்கு எந்தப் பாடநூலிலும் இல்லை. பிள்ளைகள் அதனை உங்களிடமிருந்தே கற்க முடியும்.