சொந்தக் காசில் ஒரு சிரிப்புக் கதை

கேள்வி: பெரிய பதிப்பகம் எதையும் நம்பாமல், சொந்தமாகவே காமிக்ஸ் போட்டு ஜெயித்தவர் உண்டா?

பதில்: உண்டு. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஜெஃப் ஸ்மித். சிறுவயதில் கிறுக்கத் தொடங்கிய பெரிய மூக்குப் பொம்மைகளை நாயகர்களாக்கி, ‘கார்ட்டூன் புக்ஸ்’ என்று தானே ஒரு பதிப்பகம் தொடங்கி, 1991-ல் ‘போன்’ தொடரை வெளியிட்டார். கறுப்பு வெள்ளைதான். மனைவி விஜயா ஐயர் சிலிக்கான் வேலி வேலையை உதறிவிட்டு வந்து வரவு செலவைக் கையில் எடுத்துக்கொண்டார். பாதி வெற்றி அங்கேதான் என்பேன். ஓவியர்கள் கணக்குப் பார்த்து எங்கே பார்த்தோம்!

நகைச்சுவை எப்படி? தொடக்கத்திலேயே ஒரு காட்சி. எலிப்பூதங்கள் இரண்டு துரத்த, நாயகன் மலை விளிம்பில் ஒரு ஒல்லிக் கிளையில் தொங்குகிறான். இதில் வந்து குதிக்க அவை என்ன முட்டாள்களா என்று நினைக்கிறான். அடுத்த கட்டத்தில் மூவரும் அதே கிளையில் தொங்குகிறார்கள்! அந்த இரண்டு பூதங்களும், பிடித்த இரையைப் பச்சையாகத் தின்பதா, முட்டை போட்டுச் சுட்டுத் தின்பதா என்று சண்டை போட்டே அதைக் கோட்டை விடுபவை.

55 இதழ்களோடு 2004-ல் கதை முடிந்தது. ஒரே தொகுப்பாக 1300 பக்கங்களுக்கு மேல். மறு வருடமே ஸ்காலஸ்டிக் நிறுவனம் வண்ணத்தில் போட ஆரம்பித்தது. கிடைத்தால் கறுப்பு வெள்ளையையே வாங்குங்கள். அந்தத் தூரிகைக் கோடுகளுக்கு வண்ணம் தேவையே இல்லை.