தோற்றமும் மதிப்பீடும்

ஒருவரைக் கண்ட கணத்திலேயே அவர்தம் குணத்தையும் கண்டுவிட்டதாக நாம் எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் எத்துணைப் பிழைபடும் என்பதற்குத் திருவண்ணாமலையே சான்று தருகின்றது.

1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், வேங்கடராமன் என்னும் பதினாறு வயது இளைஞர் மதுரையினின்று இவ்வூர் வந்து சேர்ந்தார். தலையை மழித்துக் கோவணம் ஒன்றே உடையாகக் கொண்டு, ஆயிரங்கால் மண்டபத்தில் வாய் திறவாது அமர்ந்தார். சிறுவர்கள் கல்லெறிந்தனர். அத்தொல்லைக்கு அகன்று பாதாளலிங்கத்தின் நிலவறையுள் புகுந்தார்; அவ்விருளில் பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கின. சிறுவரோ ஆங்கும் விட்டாரில்லை. அவரைக் காக்க முயன்றவர் சேஷாத்திரி சுவாமிகள். ஊரார் பலர் பித்தர் என்று ஒதுக்கிய அவரே இவருடைய அருமையை அறிந்தார் என்பது நோக்கத்தக்கது.

அவ்விளைஞரே பின்னர் ரமண மகரிஷி எனப் பெயர் பெற்றார். 1934-இல் வெளிவந்த தமது நூலில் பால் பிரண்டன் என்னும் ஆங்கிலேயர் அவருடைய கண்ணொளியை வியந்து எழுதினார். உடையோ அதே கோவணம். தவமும் அகவையும் முகத்தை மாற்றியிருத்தல் கூடும். எனினும், பெரியவர் என்று கேட்டு வருவோனுடைய கண்ணும் மாறியிருக்குமன்றோ?

1977-இல் நிஸ்பெட், வில்சன் என்னும் அமெரிக்க உளநூலார் இதனை ஆராய்ந்தனர். அயல்நாட்டு ஒலிப்புடன் ஆங்கிலம் பேசும் ஆசிரியர் ஒருவரை ஒரு படத்தில் அன்புடனும், மற்றொன்றில் கடுமையுடனும் பேசச் செய்து, மாணவர் இரு குழுவினர்க்குக் காட்டினர். அன்பைக் கண்டோர் அவர்தம் தோற்றமும் பேச்சொலியும் இனியன என்றனர். கடுமையைக் கண்டோருட் பெரும்பாலோர்க்கு அவையே வெறுப்பூட்டின. அன்றியும், அவற்றை வெறுத்தமையாலேயே அவரை வெறுத்ததாகவும் அவர்கள் நம்பினர்! காரணமும் காரியமும் இடம் மாறியதை அவர்கள் உணர்ந்திலர்.

நிற்க. 1974-இல் லாண்டி, சிகால் என்போர் ஒரே கட்டுரையை வெவ்வேறு பெண்களின் படங்களுடன் மாணவர்க்குக் கொடுத்து மதிப்பிடச் செய்தனர். அழகிய முகத்தோடு வந்த கட்டுரை உயர்வாக மதிக்கப்பெற்றது. கட்டுரை தரங்குன்றிய இடத்தே இவ்வேறுபாடு மிகுந்தது.

விடைத்தாளில் பெயருக்கு மாறாக எண் இடுதல் நல்வழக்கமே. வாய்மொழித் தேர்விலோ முகத்தை மறைக்க வழியில்லை. செவ்விய உடையினன் தடுமாறினால் மறந்தான் என்கின்றோம். கசங்கிய சட்டையினன் தடுமாறினால் படித்திலன் என்கின்றோம். அவ்வாறு ஒருவனுக்குக் குறைத்திட்ட மதிப்பெண்ணைப் பின்னர் அவன் எழுத்துத் தாளைக் கண்டு நாணித் திருத்தினோம். மற்றையோருள் எத்தனை பேர்க்கு அங்ஙனம் குறைத்தோமோ, அறியோம்.