விரைவும் வேளையும்

1953-இல் எச்.எம்.டி. நிறுவப்பட்ட காலந்தொட்டுப் பெங்களூர், பொறிகளைச் செய்யும் பொறிகளுக்குப் பேர்பெற்ற நகரம். 1985-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் இங்கே சில்லு வடிவமைப்பு நிலையம் தொடங்கியது. கடைசல் பொறியும் சில்லும் கைகோக்கும் இடத்தில்தான் இப்பாடம் பிறக்கிறது: ஆலைப் பொறிகள் தம்முள் பேசிக்கொள்வது எவ்வாறு?

ஈதர்நெட் 1973-இல் அமெரிக்காவில், ஜெராக்ஸ் ஆய்வு நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப் கருத்தில் உருவானது. பல கணிப்பொறிகளுக்கு ஒரே கம்பி. இரண்டு ஒருங்கே பேசினால் செய்திகள் மோதும். சற்றே பொறுத்து மீண்டும் பேசும். கடிதம் அனுப்ப இது போதும். பொறியை ஆட்டப் போதுமா?

ஒரு மோட்டாரின் ஓட்டத்தை வினாடிக்கு 10,000 முறை திருத்துவதாகக் கொள்வோம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கிடைப்பது 100 மைக்ரோ வினாடி. இன்றைய ஸ்விட்சுகள் மோதலை ஒழித்தன. வரிசையில் நிற்பதை ஒழிக்கவில்லை. வினாடிக்கு 10 கோடி பிட்டு செல்லும் கம்பியில் முழுநீளச் செய்தி ஒன்று கடக்க ஏறத்தாழ 120 மைக்ரோ வினாடி ஆகும். அதன் பின்னே நம் கட்டளை அகப்பட்டால் வேளை தப்பிற்று! பல மோட்டார்கள் கூடி ஒரு வளைவை வெட்டுகையில் ஒன்று பிந்தினால் வளைவு கெடும்; வெட்டுளி உடையும்; தொழிலாளியின் கைக்கும் ஆபத்து. விரைவு வேறு, வேளை தவறாமை வேறு.

ஜெர்மனியின் பெக்காஃப் நிறுவனம் 2003-இல் வெளியிட்ட ஈதர்கேட் முறை இதற்கு வழி கண்டது. தலைமைப் பொறி அனுப்பும் செய்தி நில்லாமல் ஓடும் தபால் வண்டி போன்றது. ஒவ்வொரு நிலையமும் ஓட்டத்திலேயே தன் மூட்டையை எடுத்துக்கொண்டு, அனுப்ப வேண்டியதை ஏற்றிவிடும். கடைசி நிலையத்தில் வண்டி திரும்பும். நிலையங்களின் கடிகாரங்கள் ஒரு மைக்ரோ வினாடிக்கும் குறைந்த வேறுபாட்டில் ஒத்து ஓடுவதால், எல்லா மோட்டார்களும் குறித்த கணத்தில் சேர்ந்தே இயங்கும்.

இனி மென்பொருள். டெக்ஸாஸ் நிறுவனத்தின் எஃப்28388டி என்னும் நுண்கட்டுப்படுத்தியில் மோட்டார்க் கணக்குக்கு 200 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரு கருக்கள் உள்ளன. தொடர்புக்குத் தனிக் கரு. ஈதர்கேட் வன்பொருளும் உள்ளேயே உண்டு. 100 மைக்ரோ வினாடிக்குள் ஒரு கணக்குக் கருவுக்குக் கிடைப்பவை 20,000 துடிப்புகள். கட்டளையைப் படிப்பதும், மின்னோட்டத்தை அளப்பதும், விடை காண்பதும் அதற்குள் முடியவேண்டும். ஆகவே நான்கு விதிகள்:

1. கட்டுப்பாட்டுச் சுழலுக்குள் எவருக்காகவும் காத்திராதே, திரையில் அச்சிடாதே, புதிதாக நினைவிடம் கேளாதே.

2. பாதி பழையதும் பாதி புதியதுமான கட்டளையைப் படிக்க இடங்கொடாதே. ஈதர்கேட் மூன்று இடைத்தாங்கிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது இதற்காகவே.

3. அமைவுச் செய்திகளுக்கும் பிழையறிவிப்புக்கும் சுழலுக்கு வெளியே, எஞ்சிய நேரத்தில் இடங்கொடு.

4. செய்தி வருவது நின்றால், காவல் கடிகாரம் மோட்டாரைப் பாதுகாப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

'பெரும்பாலும் நன்றாக ஓடுகிறது' என்பது இங்கே நற்சான்று ஆகாது. சுழல் தொடங்கும்போது சில்லின் ஒரு முனையை உயர்த்தி, முடியும்போது தாழ்த்துங்கள். செய்தி நெரிசலை வேண்டுமென்றே உண்டாக்கி, அலைகாட்டியில் நெடுநேரம் பாருங்கள். அங்கே தோன்றும் மிக நீண்ட துடிப்பே உங்கள் நிரலின் உண்மையான மதிப்பெண், சராசரி அன்று.