அட்வைஸ் பண்ணத்தான் வீட்டிலேயே ஆள் இருக்கிறதே!

தற்கொலைச் செய்தி எதுவானாலும் அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி வரும்: சினேகா தற்கொலைத் தடுப்பு மையம், பக்கத்தில் ஒரு தொலைபேசி எண். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய அமைப்பு அது. சென்னை ராஜா அண்ணாமலைபுரம் பார்க் வியூ சாலையில் இருக்கிறது. அதை கிளினிக் என்று நினைப்பவர்கள் உண்டு. கிளினிக் இல்லை. அங்கே நம் பேச்சைக் கேட்பவர் பயிற்சி பெற்ற தன்னார்வலர். காதுகொடுத்துக் கேட்பதுதான் அவர் வேலை. சைக்காலஜிஸ்ட் தரும் சிகிச்சை வேறு. அந்தச் சிகிச்சையைப் பற்றி நம்மிடம் புழங்கும் கதைகளுக்கோ பஞ்சமில்லை.

“போனா நல்ல அட்வைஸ் பண்ணுவாங்க”

பெரிய குழப்பமே இதுதான். சைக்காலஜிஸ்டிடம் மகனைக் கூட்டிவரும் அம்மா வாசலிலேயே சொல்லிவிடுவார்: “நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க மேடம், நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கிறான்.” எடுத்துச் சொல்லப் பெரியப்பா, சித்தி, டியூஷன் சார், எதிர்வீட்டு மாமா என்று ஒரு படையே இருக்கிறது. அது பலித்திருந்தால் அவன் இங்கே வந்திருக்கவே மாட்டான்.

முதல் நாள் பெரும்பாலும் கேள்விகளிலேயே போகும். எப்போதிலிருந்து இப்படி, தூக்கம் எப்படி, பசிக்கிறதா, வீட்டில் யார் யார், வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா. (தைராய்டு கோளாறுகூட மனச்சோர்வு மாதிரி முகம் காட்டும்.) முக்கால் மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். வெளியே வந்ததும், “ஒண்ணுமே சொல்லலையே, இதுக்கா ஃபீஸ்?” என்று எரிச்சல் வருவது சகஜம்தான்.

உண்மையான வேலை அடுத்தடுத்த வாரங்களில். காலையில் வைத்த வணக்கத்துக்கு மேனேஜர் பதில் சொல்லாமல் போய்விட்டார் என்று வையுங்கள். ‘வேலை போகப்போகுது’ என்று மனசு தீர்ப்பு எழுதிவிடும். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. என்ன நடந்தது, என்ன நினைத்தேன், அப்புறம் என்ன ஆச்சு என்று மூன்று கட்டம் போட்டு நோட்டில் எழுதிவரச் சொல்வார் சைக்காலஜிஸ்ட். அடுத்த முறை நடுக் கட்டத்தை இருவரும் உட்கார்ந்து துருவுவார்கள். மேனேஜருக்கு அன்று பல்வலியாக இருந்திருக்கலாமே? ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு அந்த நடுக் கட்டம்தான் ஆதாரம். சிகிச்சையில் இன்னும் பல வகை உண்டு. எதுவானாலும் உழைப்பில் பெரும்பங்கு வந்தவருடையது. அதனால் ஒரே நாளில் முடிகிற காரியமில்லை.

“மாத்திரை குடுத்துத் தூங்க வெச்சிடுவாங்க”

சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத முடியாது. எழுதுபவர் சைக்யாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர். சிலருக்கு இரண்டு பேருமே தேவைப்படலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்குகிற நாம், இந்தப் பதிவு எண்ணைக் கேட்க மட்டும் ஏனோ கூச்சப்படுகிறோம்.

“சாகணும்னு தோணுதான்னு கேட்டா, இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடும்”

ஆகாது. இது கட்டுக்கதை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. நேராகக் கேட்டால்தான் அடைத்துவைத்ததைப் பேச வழி பிறக்கும். முதல் நாளே இந்தக் கேள்வி வந்தால் பதற வேண்டாம்.

“சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடும், ஊருக்கே தெரிஞ்சிடும்”

தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், வழக்கோ தண்டனையோ கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. 2024 ஜூலை 1இல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவே கிடையாது. அரசு ஊழியரைப் பணியவைக்க மிரட்டுவதற்காக முயன்றால் மட்டும் குற்றம். ரகசியம் காப்பதையும் அதே 2017 சட்டம் உரிமையாக்கியிருக்கிறது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் அது தளரும். எங்கே தளரும் என்பதை நல்ல சைக்காலஜிஸ்ட் முதல் நாளே சொல்லிவிடுவார், சொல்லாவிட்டால் கேளுங்கள்.

ஊருக்குத் தெரிந்தால்தான் என்ன என்று எழுதிவிடுவது சுலபம். 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கிற பாவத்துக்குக் கீழ்ப்பாக்கத்தின் பெயரையே வசவாக்கிய நகரம் இது. அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

“பணக்காரங்க சமாச்சாரம்”

தனியாரிடம் ஃபீஸ் அதிகம்தான், மறுக்கவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு போதும். அதுவும் தயக்கமென்றால் 14416. டெலி மானஸ், 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய இலவச எண். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.