22 புள்ளி எடுக்கும் பையன் புரோ ஆவானா?

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 19 வயது. சுபாங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஆறடி இரண்டு அங்குலம் இருப்பான். கல்லூரி கூடைப்பந்து அணியில் சென்டர். கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டங்களில் சராசரி 22 புள்ளி எடுக்கிறான். ஒன்று விடாமல் போய்ப் பார்த்து நானே நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரமும் பயிற்சி எடுத்தால் ஒரே வருடத்தில் புரோ ஆகிவிடலாம் என்று அவனுடைய கோச் சொல்கிறார். இவனும் வீட்டில் அதே பாட்டைத்தான் பாடுகிறான். அவன் அப்பாவோ, “பந்து சோறு போடுமா?” என்கிறார். நான் யார் பக்கம் பேசுவது?
— ஒரு தாயார், கிள்ளான்

பதில்: அம்மா, படிப்பை நிறுத்த வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாகப் பேசலாம். உங்கள் மகனிடம் சரக்கு இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. சரக்கு என்ன என்பது உங்கள் கடிதத்திலிருந்து எனக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

22 புள்ளி நல்ல கணக்கு. ஆனால் எத்தனை முறை எறிந்து எடுத்தது? ஓர் ஆட்டத்தில் 20 முறை கூடைக்கு எறிந்து, 6 ஃப்ரீ த்ரோவும் போட்டு 22 எடுத்தான் என்று வையுங்கள். ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44-ஆல் பெருக்கி, எறிந்த எண்ணிக்கையோடு கூட்டி, அதை இரட்டிப்பாக்கி, எடுத்த புள்ளியை அதனால் வகுக்க வேண்டும். அவனுடைய எறிதல் திறன் ஏறக்குறைய 49 விழுக்காடு என்று வரும். அதே 22-ஐ 15 எறிதலிலும் அதே 6 ஃப்ரீ த்ரோவிலும் எடுத்திருந்தால் 62 விழுக்காடு. அமெரிக்காவின் என்பிஏ லீக்கின் சராசரியே அண்மை ஆண்டுகளில் 57, 58-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. நோட்டில் ஒரே மாதிரி தெரியும் இந்த இரண்டு 22-களும் இரண்டு வேறு ஆட்டக்காரர்களுடையவை. முதலாமவனை எந்தத் தேர்வாளரும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

எதிரணி யார் என்பதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். பள்ளிக் காலம் முழுவதும் சீனத் தனியார் இடைநிலைப் பள்ளியில் பந்தோடு வளர்ந்த பையன்கள் நாலு பேர் இருக்கும் அணிக்கு எதிராக எடுத்த 12 புள்ளி, பொழுதுபோக்குக்கு ஆடும் அணிக்கு எதிராக எடுத்த 30-ஐ விடக் கனமானது. கிள்ளானில் இருக்கிறீர்கள். ஹின் ஹுவா, குவாங் ஹுவா, பின் ஹுவா என்று அந்தப் பள்ளிகளின் பெயர்களைச் சொன்னாலே உங்களுக்குப் புரியும்.

ஆனால் இதையெல்லாம் விட என்னை யோசிக்க வைத்தது அவன் ஆடும் இடம். 188 சென்டிமீட்டர் பையன் கல்லூரியில் சென்டர் ஆடுவது, அங்கே அவனை விட உயரமானவர் இல்லாததால்தான். புரோ அணியில் கூடைக்கு அடியில் நிற்பவர் இரண்டு மீட்டரைத் தாண்டியவராக இருப்பார். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து காசு கொடுத்து அழைத்து வந்தவர். ஆகவே அங்கே உங்கள் மகன் பந்தை நடத்தும் கார்டாகவோ, பக்கவாட்டில் ஓடும் விங்காகவோதான் ஆட முடியும். இப்போது அவன் எடுக்கும் 22 புள்ளியில் எத்தனை புள்ளி அந்த இடத்திலிருந்தும் வரும்? கூடைக்கு முதுகைக் காட்டி, குட்டையான பையன்மேல் சாய்ந்து போடும் புள்ளிகளை அடித்துவிடுங்கள். ரீபவுண்டைப் பிடித்து அங்கேயே திரும்பப் போட்டவற்றையும் அடியுங்கள். மிச்சம் இருப்பதுதான் அவனுடைய புரோ கணக்கு. அது ஆறோ ஏழோவாக இருந்தால் அதிர்ச்சி வேண்டாம். இப்படித்தான் இருக்கும்.

உயரம் மட்டும் கைகொடுக்காது என்பதற்கு நம்மவர்களிலேயே சாட்சி உண்டு. பஞ்சாபின் சத்னாம் சிங், ஏழடி இரண்டு அங்குலம். 2015-இல் என்பிஏ-வின் புதுமுகத் தேர்வில் டல்லாஸ் மாவெரிக்ஸ் அணி அவரை 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தபோது இந்தியாவே கொண்டாடியது. என்பிஏ-வில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. கனடாவில் பிறந்த சிம் புல்லர் ஏழடி ஐந்து அங்குலம். அதே ஆண்டு சாக்ரமெண்டோ கிங்ஸுக்கு மூன்றே ஆட்டம்.

சரி, கல்லூரியில் உச்சத்தில் இருந்தவர் எங்கே போய்ச் சேர்கிறார் என்பதற்கு நம் தலைநகரிலேயே ஒரு கதை இருக்கிறது. கோலாலம்பூர் டிராகன்ஸ் அணி 2009-இல் ஆசியான் கூடைப்பந்து லீக் தொடங்கியபோதே அதில் சேர்ந்தது. பிறகு வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ் ஆனது. ஆமாம், உங்கள் பக்கத்துப் புலாவ் இண்டா துறைமுகத்தின் பெயர்தான். 2016-இல் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸை 3-2 என்று வீழ்த்தி வெற்றிக் கிண்ணத்தைத் தூக்கியது. அந்த அணியில் பந்தை நடத்தியவர் ஜேசன் பிரிக்மன். டெக்சாஸில் பிறந்தவர், அம்மா பிலிப்பீன்ஸ்காரர். நியூயார்க்கின் லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடி, நான்கு ஆண்டுகளில் 1,009 அசிஸ்ட், அதாவது புள்ளிக்கு வழிவகுத்த பாஸ். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் தரப் பிரிவில் ஆயிரத்தைத் தாண்டிய நான்காவது ஆள்தான் அவர். கடைசி இரண்டு பருவத்திலும் நாட்டிலேயே அதிக அசிஸ்ட் சராசரி அவருடையது.

2014-இல் என்பிஏ-வின் புதுமுகத் தேர்வு நடந்தது. மொத்தம் 60 இடம். அவர் பெயர் வரவில்லை.

ஏன்? பாஸ் கொடுப்பதில் குறை சொல்ல ஆளில்லை. தேர்வாளர்கள் தயங்கியது மற்றவற்றில். ஒல்லியான உடம்பு, ஆறடியை ஒட்டிய உயரம், தடுப்பாட்டத்தில் பெரிய ஆள் மோதினால் தாங்குவாரா என்ற சந்தேகம், ஆடியதும் சற்று பலவீனமான கல்லூரிக் கூட்டமைப்பு. முதல் தரப் பிரிவில் மட்டும் 350-க்கு மேற்பட்ட கல்லூரி அணிகள். அணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் என்று கணக்குப் போடுங்கள். நாலாயிரத்துச் சொச்சம் பேர் கண் வைத்திருந்தது அந்த 60 இடத்தின் மேல், அதிலும் சில இடங்கள் ஐரோப்பாவிலிருந்து வருபவருக்குப் போய்விடும். மிஞ்சியவர்கள் பந்தை வீசிவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. பிரிக்மன் ரஷ்யா போனார், பிறகு இங்கே வந்தார். அவரோடு ஆடிய மேத்யூ ரைட்டும் அமெரிக்கக் கல்லூரியில் ஆடியவர்தான். இங்கிருந்து பிலிப்பீன்ஸ் லீக்குக்கும் பிறகு ஜப்பானுக்கும் போனார்.

உங்கள் மகன் கோலாலம்பூரில் புரோ ஆக நினைத்தால், பந்து கையில் இருக்கப்போவது இப்படிப்பட்டவர்களிடம். உள்ளூர்ப் பையனுக்கு மிச்சம் இருக்கும் வேலை வேறு: எதிரணியின் நல்ல ஆட்டக்காரனை மூச்சுவிடாமல் ஒட்டிக்கொள்வது, மூலையில் நின்று பந்து வந்தவுடன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது, பந்தைத் தொலைக்காமல் இருப்பது. பத்து நிமிடம் ஆடி நாலு புள்ளி எடுத்து, அதற்குச் சம்பளம் வாங்குவது. இது கௌரவமான வேலை. குகனேஸ்வரன் பத்துமலை, சத்தியசீலன் குப்புசாமி என்று நம் பையன்கள் டிராகன்ஸ் சீருடையும் அணிந்தார்கள், நாட்டுக்கும் ஆடினார்கள். 22 புள்ளி எடுத்துப் பழகியவனுக்கு இந்த வேலை பிடிக்குமா என்று மகனிடமே கேளுங்கள். சிலருக்குப் பிடிக்காது, அவர்களைக் கல்லூரி அணியோடு விட்டுவிடுவதுதான் நல்லது.

இனி ஆட்டத்துக்குப் போகும்போது முதலில் கவனிக்க வேண்டியது ஃப்ரீ த்ரோ. யாரும் மறைக்காமல், அவசரமில்லாமல் 4.6 மீட்டரிலிருந்து போடுவது. இதில் பத்துக்கு எட்டு விழுந்தால் கை சுத்தம். தூரத்து எறிதலை உழைத்துக் கற்றுக்கொள்வான். பத்துக்கு ஐந்து என்றால் அந்தக் கை தேற நாளாகும். தேர்வாளர்கள் மூன்று புள்ளிக் கணக்கை விட இதைத்தான் அதிகம் நம்புகிறார்கள். மற்றவற்றையும் பாருங்கள். இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு, ஒருவன் மேலே விழுந்து தடுக்கும்போதும் அரைக்கோட்டைத் தாண்டுகிறானா? சட்டை ஈரமாகி, நாலாவது கால் பகுதியில் இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, முழங்காலை மடக்கித் தாழ்ந்து நிற்கிறானா? கோச் வெளியே உட்கார வைத்தால் முகம் எப்படி இருக்கிறது?

கோலாலம்பூரில் இந்த ஆட்டம் சீனர் சங்கங்களிலும் பள்ளிகளிலும் வளர்ந்தது. இன்றும் கோர்ட்டில் பாதிப் பேச்சு மாண்டரினிலும் கேன்டனீஸிலும் நடக்கும். நம் பிரிக்ஃபீல்ட்ஸ் பையன்களோடு மட்டும் ஆடிக்கொண்டிருந்தால் அந்த வட்டத்துக்குள் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஏதாவது ஒரு கிளப்பில் சேர்த்துவிடுங்கள். 28, 30 வயது ஆண்கள் முழங்கையால் இடிக்கும் ஆட்டங்களில் ஓராண்டு ஆடட்டும். டிப்ளோமாவையும் அதோடு சேர்த்தே தொடரட்டும். மாநிலத் தேர்வு முகாம் அறிவித்தால் போகட்டும். மூவர் ஆட்டமான 3x3-ஐயும் முயலலாம். அரைக்கோர்ட், பத்து நிமிடம், கனமான உடம்பும் வேகக் காலும் உள்ள அவன் உயரத்துக்காரர்களுக்கு அங்கே இடம் அதிகம். தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் விளையாட்டு உபகாரச் சம்பளமும் உண்டு. பட்டப்படிப்புக்கு அது கிடைத்தால் அவன் அப்பாவின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

கோச்சைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. நல்ல பையன் கிடைத்தால் கோச்சுகளுக்குக் கண் பளபளக்கும். “ஒரே வருடத்தில் புரோ” என்றால் எந்த கிளப், யார் கூப்பிட்டது, டிரையல் எந்தத் தேதி என்று கேளுங்கள். நம் ஊர் லீக் பருவம் ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை. ஆகவே எத்தனை மாதச் சம்பளம், ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் கட்டுவார்களா, முழங்கால் போனால் அறுவைச் சிகிச்சைச் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இவற்றில் ஒன்றுக்கும் பதில் வராவிட்டால், டிப்ளோமா மூன்றாம் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள்.