சாயம் பூசினால் சைக்கிள் பாதை ஆகிவிடுமா?

உங்கள் வீட்டிலிருந்து பக்கத்து எல்.ஆர்.டி நிலையம் எவ்வளவு தூரம்? கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கும் நம்மில் பலருக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான் இருக்கும். சைக்கிளில் நிதானமாக மிதித்தாலும் 12 நிமிஷம். ஆனா அம்மாகிட்ட, "நாளையிலிருந்து சைக்கிள்ல போய் ரயில் ஏறிக்கிறேன்"னு சொல்லிப் பாருங்க. "லோரிக்காரன் அடிச்சுப் போட்டுட்டுப் போயிடுவான், வேணாம்" என்பார்.

அம்மா சும்மா பயப்படவில்லை. அவர் சொல்வதைக் கணக்குப் போட்டே காட்டலாம். ஃபோர்ம் 4 பௌதிகம் போதும்.

ஒரு கார் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. முன்னால் ஒரு பையன் சைக்கிளோடு தடுமாறி விழுகிறான். ஓட்டுநர் பார்த்து, பிரேக்கில் கால் வைக்க 1 வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் கார் 8 மீட்டர் ஓடிவிடும். பிறகு, காய்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 5 மீட்டர். ஆக மொத்தம் 13 மீட்டர். இப்போது அதே கார் 50-இல் வந்தால்? அந்த 1 வினாடியிலேயே 14 மீட்டர் போய்விடும். அதாவது, முதல் கார் முழுசா நின்றுவிட்ட இடத்தில், இரண்டாவது காரின் ஓட்டுநர் இன்னும் பிரேக்கையே தொடவில்லை! அவர் பையன் மேல் மோதுவது முழு 50 வேகத்தில். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று படித்தோமே, அதன்படி 50-இல் வரும் காரிடம் 30-இல் வருவதைப்போல் கிட்டத்தட்ட 2.8 மடங்கு ஆற்றல் இருக்கிறது. 60 என்றால் 4 மடங்கு. இது காய்ந்த சாலைக் கணக்கு. மழை பெய்த சாலைக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்.

இதிலிருந்து வடிவமைப்பாளர்கள் எடுத்துக்கொள்ளும் விதி ரொம்ப எளிமையானது. தாமானுக்குள் உள்ள சின்ன சாலை என்றால் கார்களின் வேகத்தை 30-க்கு இறக்கு. அங்கே தனிப் பாதை தேவையில்லை. வேகத்தை இறக்க முடியாத பெரிய சாலை என்றால் சைக்கிளைப் பிரித்து வை. இது நமக்குப் புதுசும் இல்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனித் தடம் 1970-களிலேயே போட்ட நாடு இது.

பிரித்து வைப்பது என்றால் எதை வைத்துப் பிரிப்பது? இங்கேதான் சிக்கல். 2018 பிப்ரவரியில் உலக நகர்ப்புற மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அந்தச் சமயத்தில் நகர மையத்தில் நீலச் சாயம் பூசிய சைக்கிள் தடங்கள் வந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் அதன் மேல் கார்கள் நின்றன, மோட்டார் சைக்கிள்கள் ஓடின. யாரைக் குறை சொல்வது? சாயம் யாரையும் தடுத்து நிறுத்தாது. ஒரு சாண் உயரக் கற்கட்டு தடுத்து நிறுத்தும்.

சரி, கற்கட்டு கட்டிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அது போதுமா? நெதர்லாந்துக்காரர்கள் இதைச் செய்து பார்த்தே தெரிந்துகொண்டார்கள். அந்த நாடு எப்போதும் சைக்கிள் சொர்க்கமாக இருந்ததில்லை. 1971-இல் மட்டும் அங்கே சாலை விபத்தில் இறந்தவர்கள் 3,000-க்கு மேல். அதில் 400-க்கும் அதிகமானவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். பிறகு அரசு தி ஹேக், தில்பர்க் ஆகிய இரண்டு நகரங்களில் தலா ஒரு தரமான சைக்கிள் பாதை போட்டுப் பார்த்தது. எதிர்பார்த்த அளவுக்குப் புதிதாக ஆள் சேரவில்லை. 1980-களில் டெல்ஃப்ட் என்ற சிறு நகரத்தில் வேறு மாதிரி செய்தார்கள். ஒற்றைப் பாதைக்குப் பதிலாக ஊர் முழுக்க விட்டுப்போன துண்டுகளை இணைத்தார்கள். சைக்கிள் ஓட்டுவது கூடியது. ஒருவர் போகும் 3 கிலோமீட்டரில் 2.8 கிலோமீட்டர் பாதுகாப்பாக இருந்து, மிச்ச 200 மீட்டரில் லோரியோடு போட்டி போட வேண்டியிருந்தால் அவர் சைக்கிளை எடுக்கவே மாட்டார். நம்ம ஊரில் 2015-இல் டத்தாரான் மெர்டேக்காவிலிருந்து மிட் வேலி வரை சுமார் 5 கிலோமீட்டருக்குத் தடம் திறந்தார்கள். நல்ல முயற்சி. ஆனால் அந்த இரண்டு முனைகளிலும் குடியிருப்பவர் எத்தனை பேர்?

"அது ஐரோப்பா, அங்க குளிரு. இங்க வெயில்ல யாரு மிதிப்பா?" என்று கேட்பீர்கள். ஸ்பெயினில் உள்ள செவில் நகரத்தைப் பாருங்கள். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர், நம்மைவிட மோசம். 2006-க்கு முன் அங்கே நூறு பயணங்களில் ஒன்றுகூட சைக்கிளில் இல்லை. அந்த ஆண்டு தொடங்கி, ஓரிரு வருஷங்களிலேயே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் பாதையை, ஒன்றோடொன்று இணையும்படி, காரிலிருந்து பிரித்துக் கட்டிவிட்டார்கள். அதற்காகச் சுமார் 5,000 கார் நிறுத்துமிடங்கள் போயின. சண்டை நடக்காமல் இருந்திருக்குமா? ஆனால் சில ஆண்டுகளில் அந்த ஊரில் ஒரு நாளைக்குச் சுமார் 70,000 சைக்கிள் பயணங்கள். மழைக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. மேம்பாலத்தின் கீழ் ஒதுங்கி நிற்கும் நம் மோட்டார் சைக்கிள்காரர்களிடமும் இல்லை.

பாதை போடும்போது எல்லாரும் நேரான பகுதியைத்தான் படம் எடுத்துக் காட்டுவார்கள். ஆபத்து அதிகம் இருப்பது சந்திப்பில். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். சைக்கிள்காரர் இடது ஓரமாக நேரே போகிறார். பக்கத்தில் வரும் கார் இடது பக்கம் திரும்புகிறது. முடிந்தது கதை. இதிலும் மோசம், நம் பெரிய சாலைகளில் சிக்னல் இல்லாமலே இடது பக்கம் வளைந்து போகும் அந்த அகலமான கிளைச்சாலை. அதில் திரும்பும் ஓட்டுநரின் கண் எங்கே இருக்கும்? வலப்பக்கம் வரும் கார்களைப் பார்த்தபடி. இடப்பக்கம் இருப்பவர் அவர் கண்ணில் படவே மாட்டார். வளைவைக் கூர்மையாக்கினால் கார் மெதுவாகத்தான் திரும்ப முடியும். சைக்கிள் கடக்கும் இடத்தை ஒரு கார் நீளம் உள்ளே தள்ளி, சாலையைவிடக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினால், திரும்பி முடித்த ஓட்டுநர் தனக்கு நேர் எதிரே சைக்கிளைப் பார்ப்பார். இதற்குக் கோடிக்கணக்கில் ரிங்கிட் வேண்டாம், கொஞ்சம் கான்கிரீட் போதும்.

"நடைபாதையிலேயே விட்டுட்டா என்ன?" என்பது இன்னொரு கேள்வி. சிங்கப்பூரில் மின்ஸ்கூட்டர்களை நடைபாதையில் அனுமதித்துப் பார்த்தார்கள். நடப்பவர்கள் அடிபட்டார்கள். 2019 நவம்பர் 5 முதல் தடை. காருக்குப் பயந்து சைக்கிளை நடைபாதையில் ஏற்றினால், அடுத்து பயப்பட வேண்டியவர் பாட்டி. அதனால்தான் சிங்கப்பூர் இப்போது தனிப் பாதைகளை நீட்டிக்கொண்டிருக்கிறது. 2030-க்குள் 1,300 கிலோமீட்டர் என்பது இலக்கு.

"இங்க யாரு சைக்கிள் ஓட்டுறா?" என்று கேட்பவர்கள் காலை 6.30-க்குச் சாலையோரம் நின்று பார்க்க வேண்டும். வேலைக்குப் போகும் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்கள், பசாருக்குப் போகும் தாத்தா, பள்ளிக்கூடப் பிள்ளைகள். பளபளக்கும் உடையும் விலை உயர்ந்த சைக்கிளும் அவர்களிடம் இல்லை. பலரிடம் பின் விளக்குகூட இல்லை. அவர்களுக்கு வேறு வழி இல்லாததால் ஓட்டுகிறார்கள். பாதை முதலில் தேவைப்படுவது அவர்களுக்குத்தான் என்பது என் கருத்து.

இந்த மாதம் கிளையில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வேலை செய்யலாம். உங்கள் தாமானிலிருந்து ரயில் நிலையத்துக்கோ பள்ளிக்கோ போகும் ஒரே ஒரு வழியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நடந்தே போங்கள். எங்கே கற்கட்டு சரிவு இல்லாமல் நிற்கிறது, எங்கே லோங்காங் மூடியின் கம்பி இடைவெளி சக்கரம் போகும் திசையிலேயே இருக்கிறது (மெல்லிய டயர் அப்படியே உள்ளே இறங்கிவிடும்), எங்கே தெருவிளக்கு எரியவில்லை, எந்தச் சந்திப்பில் வண்டிகள் வேகம் குறைக்காமல் திரும்புகின்றன என்று கைப்பேசியில் படம் எடுத்து, வரைபடத்தில் குறியுங்கள். காலையில் அரை மணி நேரம் நின்று எத்தனை சைக்கிள் போகிறது என்று எண்ணுங்கள். பொதுவாக "சாலை சரியில்லை" என்று எழுதினால் கவுன்சிலர் பதில் சொல்லக் கஷ்டப்படுவார். இந்தத் தெருவில், இந்த எண் வீட்டுக்கு எதிரே, இந்த மூடியைத் திருப்பிப் போடுங்கள் என்று படத்தோடு எழுதினால், அதற்கு ஆள் அனுப்பினாலே போதும்.