பெரிய புல்வெளியைச் செப்பனிடுதல்: இளம் மைதானப் பராமரிப்பாளருக்கு ஒரு கடிதம்

திண்டுக்கல் சமவெளியில் ஒரு பெரிய புல்வெளி மேடுபள்ளமாகவும் சொட்டை சொட்டையாகவும் கிடந்தால், குறை பெரும்பாலும் மண்ணிலோ தண்ணீரிலோ இருக்கும். விதைப் பொட்டலம் அதற்கு மருந்தாகாது. திண்டுக்கல் ஊருக்குள், நாகல் நகரின் நெருக்கமான தெருக்களில் புல்வெளிக்கு இடமில்லை; ஊரைச் சுற்றியுள்ள பள்ளி, கல்லூரி, நூற்பாலை வளாகங்களில்தான் ஏக்கர் கணக்கில் புல் வளர்க்க இடம் உண்டு. மாவட்டத்தில் பலரும் அறிந்த புல்வெளி நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானம். 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) கிரிக்கெட்டின் ஆட்டங்கள் அங்கே நடந்துள்ளன. எல்லைக்கோட்டை நோக்கி உருளும் பந்து சின்ன மேட்டில் பட்டு எகிறினால் ஃபீல்டரின் முகத்துக்கு வரும். அத்தகைய இடத்தில் மட்டத்தைக் காப்பது ஆட்டக்காரரின் உடம்பைக் காப்பது.

சொட்டை விழுந்த இடத்தில் முதலில் கடப்பாரையை இறக்கிப் பார்ப்பது முறை. ஒரு சாண் ஆழத்துக்குள் செங்கல் ஜல்லியும் சிமென்ட் கட்டியும் தட்டுப்பட்டால், அவற்றை அகற்றாமல் எது போட்டாலும் வீண். வேம்பு, புங்கை நிழலில் அருகம்புல் எப்போதும் சோர்ந்தே நிற்கும். அதற்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அங்கே கிளையைக் கழிக்கலாம், இல்லையேல் அந்த இடத்தைப் புல்லின்றி விட்டுவிடலாம். ஆட்கள் குறுக்கே நடந்து இறுகிப்போன பாதையில் விதையைவிட வேலி அதிகம் உதவும்.

அடுத்தது தண்ணீர். தோல் தொழிற்சாலைக் கழிவால் திண்டுக்கல்லைச் சுற்றிப் பல கிணறுகளில் உப்பு ஏறியிருப்பது ஆய்வுகளில் பதிவான உண்மை. அருகு உப்பை ஓரளவு தாங்கும். அதன் இளம் முளை தாங்காது. மண்ணையும் போர்த் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்த பிறகே வேலையில் இறங்குவது நல்லது. காந்திகிராமத்து வேளாண் அறிவியல் நிலையம் அருகிலேயே இருக்கிறது. சோடியம் மிகுந்து மேல்மண் ஓடுபோல் இறுகியிருந்தால், பரிசோதனை சொல்லும் அளவில் ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீரால் உப்பைக் கீழே கழுவி இறக்க வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை ஆவணி மாதம் தோது. மண்ணில் சூடு இருக்கும், இடையிடையே மழையும் கிடைக்கும், ஐப்பசிக் கனமழை விதையை அரித்துச் செல்வதற்குள் வேர் பிடிக்க அவகாசமும் இருக்கும். டெல்லிப் பக்கத்து கோல்ஃப் மைதானங்களில் குளிர்காலத்துக்காக ரை புல்லை மேல்விதைப்பாகத் தூவுவார்கள். அங்கே குளிரில் அருகு பழுத்து உறங்கிவிடும். திண்டுக்கல் மார்கழியில் அந்த அளவு குளிர் இல்லை. அதே மாவட்டத்தில் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் நன்றாக வளரும் குளிர்ப்பிரதேசப் புற்களைக் கீழே கொண்டுவந்தால் சித்திரை வெயில் முடித்துவிடும். வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும் விதைக் கலவைகளும் இந்தச் சமவெளியில் அப்படித்தான்.

மட்டப்படுத்தும் வேலையில் பலரும் முதலில் தேடுவது ரோலர். ரோலர் மேட்டைக் கரைக்காது. எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தி, செம்மண்ணில் காற்றும் நீரும் இறங்கும் வழியை அடைத்துவிடும். ஆட்டத்துக்கு முன் இலேசாக ஓட்டுவது வேறு விஷயம். முளை அடித்துக் கயிறு கட்டி, டியூப் மட்டம் பிடித்து, எது மேடு எது பள்ளம் என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். மேட்டில் புல்லைத் தகடாகப் பெயர்த்து, அடியிலுள்ள மண்ணை வெட்டி எடுத்து, தகட்டைத் திரும்பப் பதிக்கலாம். ஆழமான பள்ளத்துக்கும் இதே வழிதான்; மண்ணை எடுப்பதற்குப் பதில் நிரப்ப வேண்டும்.

மேலோட்டமான பள்ளங்களுக்கு மண் தூவுதலே போதும். புல்லை ஒட்ட வெட்டி, கவைக்கம்பியால் குத்தித் துளையிட்டு, சலித்த மண்ணைப் பரப்பி, வயலில் பரம்படிப்பதுபோலப் பலகையை இழுத்தால் மண் பள்ளத்தில் போய் நிற்கும். ஒரு தடவைக்கு 1 செ.மீ.க்கு மேல் வேண்டாம்; புல் நுனி வெளியே தெரிய வேண்டும். செலவு இங்கேதான் ஏறுகிறது. ஒரு ஏக்கருக்கு 1 செ.மீ. என்றாலே சுமார் 40 கன மீட்டர், அதாவது 14 யூனிட் மண்.

எந்த மண் என்பதிலும் கவனம் தேவை. கீழே இருக்கும் மண்ணோடு ஒத்துப்போகும் செம்மண்ணும் மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்தது ஏற்றது. கழுவாத எம்-சாண்டில் கல்தூள் அதிகம், அது இறுகும். கண்மாய் வண்டல் சத்தானது, ஆனால் கோரைக்கிழங்கையும் சேர்த்து இறக்கிவிடும். மலிவாகக் கிடைத்த ஒரு லோடு வண்டல் பல ஆண்டு களையெடுப்பாக மாறுவது அபூர்வமல்ல.

விதை இதற்குப் பிறகு. தோல் நீக்கிய அருகு விதை சதுர மீட்டருக்கு 5 கிராம், ஏக்கருக்கு 20 கிலோ. மிக நுண்ணிய விதை என்பதால் நாலு பங்கு மணலோடு கலந்து, பாதியைத் தெற்கு வடக்காகவும் மீதியைக் கிழக்கு மேற்காகவும் தூவினால் சீராக விழும். அரை செ.மீ.க்கு மேல் மண் மூடினால் முளைக்காது. எறும்பு இழுத்துப் போகாமல் பார்ப்பது தனி வேலை.

டிஃப்வே 419 போன்ற கலப்பின அருகு போட்ட மைதானத்தில் இந்த விதையைத் தூவக் கூடாது. அந்த ரகம் விதை தராது. கடையில் வாங்கும் விதை நிறத்திலும் தடிமனிலும் வேறு புல்லாக முளைத்து ஒட்டுப்போட்டதுபோல் நிற்கும். அங்கே சொட்டையை நிரப்ப அந்த ரகத்தின் தண்டுத் துண்டுகளையே 10 செ.மீ. இடைவெளியில் ஊன்ற வேண்டும். கொரியன் புல்லுக்கும் துண்டு நடவே வழக்கம், படர்வதில் மெதுவானது. பெரிய சொட்டைகளுக்கு இன்னொரு பழைய முறை இருக்கிறது: நறுக்கிய அருகந்தண்டு, பசுஞ்சாணம், தோட்டமண், சிறிது சாம்பல் ஆகியவற்றைத் தண்ணீர் விட்டுக் குழைத்து 2.5 செ.மீ. கனத்தில் பூசுதல். கூலி அதிகம் பிடித்தாலும் விதையைவிட நம்பகமானது.

முதல் இரண்டு வாரம் மேல்மண் காயாதபடி நாளுக்கு மூன்று நான்கு முறை பூவாளித் தூவலாகத் தண்ணீர் விட வேண்டும். குழாயைத் திறந்துவிட்டால் விதை ஒரு மூலையில் ஒதுங்கும். முளை பிடித்ததும் இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சலாம். புல் 5 செ.மீ. உயர்ந்ததும், கூர்மையான பிளேடால் மூன்றில் ஒரு பங்கு மட்டும் முதல் வெட்டு. நான்காம் வாரத்தில் சதுர மீட்டருக்கு 5 கிராம் யூரியாவை மாலையில் தூவி உடனே நீர் பாய்ச்சலாம். ஓடும் தண்டுகள் சொட்டையின் நடுவில் ஒன்றையொன்று தொடும்வரை ஆட்டத்துக்கோ வண்டிக்கோ அனுமதி இல்லை. அதன்பின் மீண்டும் கயிறு கட்டிப் பார்த்து, மிச்சமிருக்கும் பள்ளங்களுக்கு அடுத்த அரை செ.மீ. மண்ணை இடலாம்.